சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனிமை ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாக இருப்பதும் தனிமையில் வாடுவதும் ஒன்றுதானே?

இல்லை. ‘தனிமை’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒருவர் தனியாக வசிக்கிறார் என்பது தலையை எண்ணிச் சொல்லக்கூடிய செய்தி. விரும்பித் தனித்திருந்து அதில் சுகம் காண்பதற்கு ஏகாந்தம் என்று வேறொரு சொல்லே இருக்கிறது. இங்கே பேசப்போவது இந்த இரண்டும் அல்லாத மூன்றாவதைப் பற்றி. மனம் எதிர்பார்க்கிற உறவுக்கும் உண்மையில் கிடைக்கிற உறவுக்கும் நடுவே விழும் பள்ளம்தான் தனிமையுணர்வு. டேனியல் பெர்ல்மன், லெட்டிஷியா ஆன் பெப்லோ என்ற உளவியலாளர்கள் 1981-இல் தந்த விளக்கம் இது. இன்றைக்கும் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதனால்தான் இரண்டே நண்பர்களோடு ஒருவர் நிறைவாக இருக்கிறார். இருநூறு பேரைத் தெரிந்த இன்னொருவர் ஏங்குகிறார். “உனக்குத்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே” என்று தேற்றுகிறவர்கள், தாகமாக இருக்கிறது என்பவரிடம் வீட்டிலுள்ள குடங்களை எண்ணிக் காட்டுகிறார்கள். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில்லை.

கணவர், குழந்தைகள், சொந்தபந்தம் எல்லாரும் இருக்கிறார்கள். பிறகும் எனக்கு ஏன் இப்படி?

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-இல் இதற்கு ஒரு பதில் சொன்னார். தனிமையுணர்வு இரண்டு வகை என்றார் அவர். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒரே ஒரு ஆள்கூட இல்லாதபோது வருவது ஒரு வகை. சேர்ந்து சிரிக்க, வம்பளக்க, ‘நம்ம ஆட்கள்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு வட்டம் இல்லாதபோது வருவது இன்னொரு வகை. ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்ப முடியாது என்பதுதான் அவர் கண்டதில் முக்கியமானது. துணையைப் பிரிந்தவர்களுக்கு நண்பர் குழு கிடைத்தும் அந்த வெறுமை போகவில்லை. புதிய ஊருக்குக் குடிபோன தம்பதிகளில், அன்பான கணவர் பக்கத்திலேயே இருந்தும் தோழிகள் இல்லாமல் பெண்கள் வாடினார்கள்.

ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ‘எத்தனை பேர்’ என்று அல்ல, ‘எந்த வகை’ என்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் இருப்பதால்தான் பலர் தேவைப்படாத மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெருக்கமான ஒருவருக்காக ஏங்குகிறவர் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் சேருகிறார். வட்டம் இல்லாதவர் வாழ்க்கைத் துணையிடமே எல்லாவற்றையும் எதிர்பார்த்து அவரையும் களைத்துப்போகச் செய்கிறார்.

வைஸ் சொல்லாத ஒன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. சில வீடுகளில் நாள் முழுக்கப் பேச்சு இருக்கும். சாப்பிட்டாயா, பில் கட்டியாச்சா, பிள்ளையை யார் கூட்டிவருவது, சாவி எங்கே. வேலையைப் பற்றித்தான் பேச்சு. வேலை செய்கிற ஆளைப் பற்றி இல்லை. எல்லாரும் சாய்ந்துகொள்ளும் தூணாக இருப்பவரின் நிலை இன்னும் மோசம். தூணைப் பார்த்து ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்பது?

மேலே சொன்ன முதல் வகையாக இருந்து, வந்தவர் காதுகொடுத்துக் கேட்பவராகவும் இருந்தால் சரியாகலாம். திருமணம் வீட்டுக்கு ஒரு ஆளைக் கொண்டுவரும். அவ்வளவுதான் அதன் உத்தரவாதம்.

இது ஏன் இவ்வளவு வலிக்கிறது? கூட ஆள் இல்லாததற்கு உடம்பு ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஜான் கசியோப்போ. 2018-இல் காலமானார். பசி, தாகம், வலி போலத் தனிமையுணர்வும் உடம்பு அனுப்பும் ஒரு எச்சரிக்கை என்பது அவர் வாதம். கூரிய நகமும் நீண்ட கோரைப்பல்லும் இல்லாத, குட்டியை வருடக்கணக்கில் தூக்கிச் சுமக்க வேண்டிய விலங்கு மனிதன். கூட்டத்தைவிட்டுப் பிரிந்தால் உயிருக்கு ஆபத்து. ‘போ, கூட்டத்தோடு சேர்ந்துகொள்’ என்று உள்ளிருந்து குத்துவதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லிவியா டோமோவாவும் சக ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. நாற்பது பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் ஆள் துணையும் போனும் இல்லாமல் வைத்தார்கள். இன்னொரு நாள் பத்து மணி நேரம் சாப்பாடு இல்லை. பிறகு மூளையை ஸ்கேன் செய்தபடி படங்களைக் காட்டினார்கள். பட்டினி கிடந்தவருக்கு உணவுப் படத்தைப் பார்த்ததும் நடுமூளையில் எந்தப் பகுதி விழித்ததோ, தனித்திருந்தவருக்கு மனிதர்கள் சேர்ந்திருக்கும் படத்தைப் பார்த்ததும் அதே பகுதி விழித்தது. வயிற்றுப் பசி இருப்பதுபோல் ஆள் பசியும் இருக்கிறது.

‘மனசு வலிக்கிறது’ என்பதும் வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. நவோமி ஐசன்பர்கர் குழுவினர் 2003-இல், கணினியில் பந்து வீசும் விளையாட்டு ஒன்றில் ஒருவரை மட்டும் வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு அவர் மூளையைப் பார்த்தார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போது கிளர்ந்தது. அந்தப் பகுதிக்கு வேறு வேலைகளும் உண்டு என்பதால், இரண்டு வலியும் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்வது மிகை. உறவுக்காரர்கள்தாம் என்று சொல்லலாம்.

பசித்தவன் சாப்பாட்டைத் தேடுவான். எனக்கோ யாராவது கூப்பிட்டால் போனை எடுக்கவே மனம் வருவதில்லை. இது எப்படிப் பசி ஆகும்?

எனக்கு வரும் கேள்விகளில் மிகக் கூர்மையானது இதுதான். பசி உவமை இந்த இடத்தில் உடைகிறது. உடைகிற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கூட்டத்தைவிட்டுப் பிரிந்த விலங்கு இரண்டு காரியம் செய்ய வேண்டும். திரும்பிப் போய்ச் சேர வேண்டும். சேரும்வரை தன்னைத் தானே காத்துக்கொள்ளவும் வேண்டும். தனிமையுணர்வு இரண்டையும் ஒரே நேரத்தில் முடுக்கிவிடுகிறது. ஒரு குரல் ‘போ’ என்கிறது. இன்னொன்று ‘எச்சரிக்கை, யாரையும் நம்பாதே’ என்கிறது. நாள் ஆக ஆக இரண்டாவது குரல் ஓங்குகிறது. காவல்காரன் உறங்குவதில்லை அல்லவா? அதுபோல, தனிமையுணர்வு மிகுந்தவர்களுக்கு இரவில் தூக்கம் துண்டுதுண்டாக உடைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பகலில் அதே காவல்காரன் மற்றவர் முகத்தையும் குரலையும் சோதனை போடுகிறான். கொட்டாவி விட்டாரா? என் பேச்சு சலிப்பாம். செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லையா? என்னைத் தவிர்க்கிறாராம்.

அவர் உண்மையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். ஆனால் அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மாலையில் அவர் கூப்பிடும்போது நீங்கள் இரண்டு சொல்லில் பேச்சை முடிக்கிறீர்கள். ‘சரி, இவர் பேசும் மனநிலையில் இல்லை போல’ என்று அவர் ஒதுங்குகிறார். ‘பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்’ என்கிறது உங்கள் மனம். இப்படி நான்கு சுற்று சுற்றினால் போதும், ஒரு நல்ல நட்பு எந்தச் சண்டையும் இல்லாமல் முடிந்துபோகும்.

இது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. பேசத் தெரியாததும் இல்லை. மேகன் நோல்ஸும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தனிமையுணர்வு உள்ளவர்களுக்கு மற்றவர் உணர்ச்சியைப் படித்தறியும் ஒரு சோதனை வைத்தார்கள். ‘இது பழகும் திறனுக்கான தேர்வு’ என்று சொன்னால் தடுமாறினார்கள். அதே தேர்வை வேறு பெயரில் வைத்தபோது தடுமாற்றம் காணாமல் போனது. திறமை உள்ளே இருக்கிறது. ‘எங்கே சொதப்பிவிடுவோமோ’ என்ற பதற்றம் வழியை மறிக்கிறது.

வயதானவர்களுக்கு வருவதுதானே இது? எனக்கு இருபத்திரண்டுதான் ஆகிறது.

2018-இல் பிபிசி நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பில் சுமார் 55,000 பேர் கலந்துகொண்டார்கள். அடிக்கடி தனிமையை உணர்வதாகச் சொன்னவர்கள் 16 முதல் 24 வயதினரில் 40 விழுக்காடு. 75-ஐத் தாண்டியவர்களில் 27 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள்தாம் இவர்கள் என்பதால் எண்களை அப்படியே உலகத்துக்கெல்லாம் பொருத்த வேண்டாம். ஆனால் ‘முதுமையின் வியாதி’ என்ற நினைப்பு தவறு என்பது தெளிவு.

இளவயதில் பள்ளம் விழுவதற்கு எதிர்பார்ப்பின் உயரமும் ஒரு காரணம். இந்த வயதில் கூட்டாளிகளோடு கும்மாளம் போட வேண்டும் என்று ஊரே சொல்கிறது. அப்படி இல்லையென்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். வீடு, பள்ளி, ஊர் என்று எல்லாமே ஒரே மூச்சில் மாறும் பருவமும் இதுதான். முதுமையில் காரணங்கள் வேறு. துணையின் மறைவு, நடக்க முடியாமை, இவற்றோடு யாரும் கவனிக்காத ஒன்று: காது மந்தமாவது. நான்கு பேர் பேசும் இடத்தில் பாதி விளங்காமல் சிரித்துவைத்தே சலித்து, மெல்ல அந்த இடத்துக்கே போகாமல் நின்றுவிடுவார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று ‘ஒதுங்கிவிட்டார்’ என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

பிறவிக் குணமா?

ஓரளவு. நெதர்லாந்து இரட்டையர்களை வைத்து 2005-இல் வெளியான ஆய்வு, மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி பரம்பரையால் வருவது என்று கணக்கிட்டது. உங்கள் தனிமையில் பாதி தலையெழுத்து என்று இதற்குப் பொருள் அல்ல. பிரிவு சிலரைச் சுருக்கென்று குத்தும், சிலரைத் தாமதமாகத் தொடும் என்பதுதான்.

எல்லாவற்றுக்கும் போன்தான் காரணமா?

பழியை ஒரே ஆளின் தலையில் போடுவது சுலபம். வைஸ் எழுதிய 1973-இல் கைபேசியே விற்பனைக்கு வரவில்லை. வெளியூரில் இருக்கும் தோழியோடு அரை மணி நேரம் பேசுவதற்கும், முன்பின் தெரியாதவர்களின் விருந்துப் படங்களை விரலால் தள்ளிக்கொண்டே ஒரு மணி நேரம் போக்குவதற்கும் ஒரே கருவிதான் பயன்படுகிறது. முதலாவது உறவு. இரண்டாவது, பசியோடு அடுத்தவர் இலையை எட்டிப் பார்ப்பது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோடு பேசுவதைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். ஒரு இரவைக் கடக்க அது உதவலாம். ஆனால் நம்மைக் கேட்க ஆள் இல்லாதது தனிமையில் பாதிதான். நாம் தேவைப்படும் ஆள் இல்லாதது மறு பாதி. நீங்கள் போகாவிட்டால் அந்தச் செயலி உங்களைத் தேடாது.

வேலைக்கு வந்த பிறகு ஒரு நண்பர்கூடப் புதிதாகக் கிடைக்கவில்லை. என்னிடம் என்ன குறை?

குறை நேரத்தில். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் இதை மணிக்கணக்காகவே கணக்குப் போட்டார். அறிமுகமானவர் சும்மா பழகும் நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல். அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நேரம் இதில் அவ்வளவாகச் சேராது. வேலை தாண்டிச் சேர்ந்திருக்கும் நேரம்தான் கணக்கு.

பள்ளியிலும் விடுதியிலும் இந்த 200 மணி நேரம் யாரும் கேட்காமலே சில வாரங்களில் ஓடிவிட்டது. அதனால் நட்பு தானாக முளைக்கும் என்று நம்பிவிட்டோம். இப்போது மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் சந்தித்தால், 200 மணி நேரம் ஆக எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். வாரம் ஒரு முறை என்றால் இரண்டு ஆண்டு. எனவே ‘ஒரு நாள் பார்க்கலாம்’ என்பதைவிட, வாராவாரம் ஒரே கிழமையில் ஒரே ஆட்களைப் பார்க்க வைக்கும் எதுவும் மேல். விளையாட்டோ, வகுப்போ, சேவையோ, எதுவாக இருந்தாலும் சரி.

உடம்பைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் பயமுறுத்தும் வகையில் சொல்லப்படுகிறது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010-இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2015-இல் தனிமையுணர்வை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, இறப்பு வாய்ப்பு 26 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ‘தனிமை என்பது தினம் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்’ என்று பரவும் வாக்கியம் முதல் கணக்கிலிருந்து வந்தது. அது உறவுகளின் பலத்தைப் பற்றியது. நேற்று ஞாயிற்றுக்கிழமை வெறுமையாகக் கழிந்தது என்பதால் உங்கள் ஆயுள் குறைந்துவிடவில்லை. தவிர, நோய்வாய்ப்பட்டவர் வெளியே போவது குறைந்து அதனால் தனிமைப்படுவதும் உண்டு. காரணம் இரு பக்கமும் ஓடுகிறது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதற்கென்றே அமைச்சர் பொறுப்பை உருவாக்கின. கேலி செய்தவர்கள் உண்டு.

எனக்கு இருப்பது தனிமையுணர்வா, மனச்சோர்வா? எப்படித் தெரிந்துகொள்வது?

ஆய்வாளர்கள் 2004 முதல் பயன்படுத்தும் சின்ன அளவுகோல் ஒன்று உண்டு. துணை இல்லை என்று, ஒதுக்கப்பட்டுவிட்டேன் என்று, மற்றவர்களிடமிருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறேன் என்று எவ்வளவு அடிக்கடி உணர்கிறீர்கள் என மூன்றே கேள்விகள். அரிதாக என்றால் 1, சில நேரம் என்றால் 2, அடிக்கடி என்றால் 3. மொத்தம் 3 முதல் 9 வரை வரும். மூன்றிலும் ‘தனிமையுணர்வு’ என்ற சொல் வராததைக் கவனியுங்கள். நேராகக் கேட்டால் கூச்சத்தில் இல்லை என்றுவிடுவோம்.

தனிமையுணர்வு உறவுகளைப் பற்றியது; பிடித்தவர் வந்து உட்கார்ந்தால் சற்றாவது தணியும். மனச்சோர்வு எல்லாவற்றின் மீதும் படிவது. பிடித்தவர், பிடித்த வேலை, பிடித்த சாப்பாடு எதுவும் ருசிக்காது. ஒன்று மற்றொன்றைக் கூட்டிவரும் என்பதால் தனியாக உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முயல வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தால் நாளைக்குத் தள்ளாதீர்கள். இன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள், அல்லது உங்கள் நாட்டின் உதவி எண்ணை அழையுங்கள்.

சரி, என்னதான் செய்வது?

‘வெளியே போ, நாலு பேரோடு பழகு’ என்பது எல்லாரும் சொல்வது. கிறிஸ்டோபர் மாசி குழுவினர் 2011-இல் தனிமையைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்டார்கள். பழகக் கற்றுக்கொடுப்பது, ஆதரவு தருவது, சந்திப்புகளைக் கூட்டுவது ஆகிய மூன்றையும்விட, மற்றவர்களைப் பற்றி மனம் எழுதும் தீர்ப்புகளைத் திருத்துவதே நன்றாகப் பலன் தந்தது. மேலே சொன்ன காவல்காரனைத்தான் அவர்கள் தொட்டார்கள்.

செய்முறை எளிது, பழக்கம்தான் கடினம். ‘அவர் என்னைத் தவிர்க்கிறார்’ என்று தோன்றும்போது, அதற்குப் பக்கத்தில் வேறு இரண்டு காரணங்களை எழுதிப் பாருங்கள். நம்ப வேண்டியதில்லை, எழுதினால் போதும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். எரிக்கா பூத்பியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டுப் பிறகு தனித்தனியே கேட்டார்கள். எதிராளிக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து ‘உளறிவிட்டோமே’ என்று மருகுகிறீர்களே, அந்த மருகல் அநேகமாகத் தப்புக் கணக்கு.

நெருக்கமானவர் கிடைக்கும்வரை மெல்லிய பழக்கங்களைக் கைவிடாதீர்கள். தினமும் எதிர்ப்படும் ஆளிடம் ஒரு புன்னகை, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை. பசியாற இவை போதாதுதான். ஆனால் காவல்காரனுக்கு ‘இவர்கள் கடிக்க மாட்டார்கள்’ என்று பழக்கிக் காட்ட இவற்றைவிட எளிய வழி இல்லை.

என் நண்பர் தனிமையில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. கூப்பிட்டாலும் வருவதில்லை. என்ன செய்யலாம்?

‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேட்கும் பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு நாம் நல்லவர் ஆகிவிடுகிறோம். கிழமையும் நேரமும் குறித்துக் கூப்பிடுங்கள். இரண்டு முறை மறுத்தால் அது உங்கள் மீதுள்ள வெறுப்பு அல்ல, காவல்காரனின் வேலை; மூன்றாவது முறையும் கூப்பிடுங்கள். அவரிடம் நீங்களே ஒரு உதவி கேட்பது இன்னும் நல்லது. வருவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

நெடுநாள் பேசாதவரைத் திடீரென்று அழைத்தால் என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். பெக்கி லியூ குழுவினர் 2022-இல் இதையே ஆராய்ந்தார்கள். நாம் நினைப்பதைவிட அதிகமாகவே எதிர்முனையில் மகிழ்கிறார்கள். எதிர்பாராமல் வந்த அழைப்பு என்றால் இன்னும் அதிகம். காரணம் தேடிக்கொண்டிருந்தால் இன்னும் மூன்று மாதம் ஓடிவிடும். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்றே தொடங்கலாம்.